கார்டும் புத்தகமும் போகிற வழி: அஞ்சல் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு வட்டத்தின் தலைமை அஞ்சல் துறைத் தலைவர் அவர்களுக்கும், புதுதில்லி டாக் பவனில் இருந்து விதிகளையும் கட்டணங்களையும் தீர்மானிக்கிற அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

2024 டிசம்பர் 18ஆம் தேதி, அச்சிட்ட புத்தகங்களைக் குறைந்த கட்டணத்தில் பதிவு செய்து அனுப்புகிற சேவை நின்றது. சென்னைப் புத்தகக் காட்சிக்காகப் பதிப்பாளர்கள் இரவும் பகலும் அச்சாபீஸில் நின்றுகொண்டிருந்த சமயம் அது. முந்தின நாள் வரை இருந்த வசதி மறுநாள் கவுன்ட்டரில் இல்லை. புத்தகம் வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. பிறகு 2025 மே 1இல் புத்தகங்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப ‘கியான் போஸ்ட்’ என்ற சேவை வந்தது. செப்டம்பர் 1இல் ரிஜிஸ்தர் தபால் ஸ்பீட் போஸ்டோடு சேர்க்கப்பட்டது. அக்டோபர் 1இல் ஸ்பீட் போஸ்ட் கட்டணம் மாறியது. ஒரு வருஷம் முடிவதற்குள் இவ்வளவும் நடந்துவிட்டது. இவை ஒவ்வொன்றும் உங்கள் கோப்பில் ஒரு நிர்வாக முடிவு. எங்களைப் போன்றவர்களுக்கு இது நட்பு நடக்கிற வழி. அதனால்தான் இந்த மடல்.

நான் படிக்கிறவன். பதிப்பகமோ புத்தகக் கடையோ எனக்குக் கிடையாது. கோவில்பட்டியில் கணக்கு எழுதுகிற வேலை. என் நெருங்கிய நண்பர் துறையூரில் இருக்கிறார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சிறுபத்திரிகையில் வந்த என் வாசகர் கடிதத்தைப் படித்துவிட்டு, ஆசிரியரிடம் முகவரி வாங்கி எனக்கு ஒரு கார்டு போட்டார். பாராட்டி அல்ல, நான் சொன்ன கருத்தை மறுத்து. நான் பதில் போட்டேன். அவர் அதையும் மறுத்தார். அப்படியே பழகிவிட்டோம். நேரில் பார்த்துக்கொள்ளப் பல வருஷம் ஆயிற்று. அதற்குள் ஒருவர் வீட்டுக் கஷ்டநஷ்டம் மற்றவருக்கு அத்துப்படி. ‘புணர்ச்சி பழகுதல் வேண்டா’, அதாவது நட்புக்கு நேரில் கூடிப் பழக வேண்டியதில்லை என்று வள்ளுவர் சொன்னதை இந்தக் காலத்தில் உண்மையாக்கிக் கொடுத்தது நீங்கள்தான்.

எங்களுக்குள் புத்தகம் போய்வருவதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர் படித்து, பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் இரண்டு வார்த்தை குறித்து, மற்றவருக்கு அனுப்ப வேண்டும். மற்றவர் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் தன் கோட்டைப் போடுவார். சில புத்தகங்கள் இரண்டு மூன்று முறை கூடப் போய்வந்திருக்கின்றன. எங்கள் இருவருக்கும் வாங்குகிற சக்தி அளவானது. ஒரு பிரதியை இரண்டு பேர் படிப்பதும், படித்ததை இரண்டு வாரம் வைத்துச் சண்டை போடுவதும் எங்களுக்கு வாய்த்த பெரிய செல்வம். புத்தகத்தின் விலையில் கால்வாசிக்குள் தபால் செலவு இருந்தவரை இதைப் பற்றி யோசிக்க வேண்டியே இருக்கவில்லை.

இப்போது எல்லாரிடமும் செல்போன் இருக்கிறதே, படம் எடுத்து அனுப்பிவிடலாமே என்று கேட்பீர்கள். அனுப்புகிறோம். தினமும் பேசவும் செய்கிறோம். ஆனால் கடிதத்தில் எழுதுவது வேறு. போனில் செய்தி வந்த நிமிஷமே அதைப் பற்றிக் கருத்தும் சொல்லியாகிவிடுகிறது. சாயங்காலம் அந்தக் கருத்து நமக்கே ஞாபகம் இருப்பதில்லை. கடிதம் போய்ச் சேர மூன்று நாளோ நாலு நாளோ ஆகும். அது சேருகிறபோதும் சொல்லத் தகுந்ததாக எது இருக்குமோ அதைத்தான் மனிதன் எழுதுவான். இந்தத் தாமதம் யோசிக்க வைக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது நண்பர் எனக்கு உடனே எழுதவில்லை. சில வாரம் கழித்து எழுதினார். பதிப்பாளர்களின் கிடங்குகளில் நனைந்துபோன புத்தகங்களைப் பற்றி, ஜனவரியில் நடக்க வேண்டிய புத்தகக் காட்சி தள்ளிப்போனது பற்றி (அது 2016 ஜூனில்தான் நடந்தது), ஒரு நகரம் தன் ஏரிகளை மறந்தது பற்றி. அந்தக் கடிதத்தை இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் அப்படியே நிற்கிறது. அந்த வாரம் என் போனுக்கு வந்த எத்தனையோ செய்திகளில் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

அவர் கடிதம் பெரும்பாலும் முதல் பாதி வீடு, மறுபாதி நாடு. மகளின் பிரசவம், கண்ணில் புரை எடுத்தது, தெருவில் புதிதாக வந்த குடும்பம் எல்லாம் வரிசையாக வரும். பிறகு இடைவெளி விடாமல், ஒரு நாவலின் நடு அத்தியாயத்தில் ஆசிரியர் கதாபாத்திரத்துக்கு அநியாயம் செய்துவிட்டார் என்று கோபம் வரும். அதற்கடுத்த வரியில் தேர்தல். வாழ்க்கையை இலக்கியம், அரசியல், குடும்பம் என்று தனித்தனி அறையாகப் பிரிக்காமல் ஒரே தாளில் எழுதுகிற பழக்கம் கடிதத்தில் மட்டும்தான் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இது எங்கள் இரண்டு பேரின் பிரியம் மட்டும் அல்ல. நான் இருக்கிற ஊருக்குப் பக்கத்தில்தான் இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். சிறுவயதில் இருந்தே நண்பர்கள். அழகிரிசாமி வேலைக்காகச் சென்னைக்குப் போனார், பிறகு மலேயாவுக்குப் போனார், கி.ரா. ஊரிலேயே இருந்தார். நடுவில் இருந்த தூரத்தைக் கடிதம்தான் நிரப்பியது. சங்கீதம், இலக்கியம், பணக் கஷ்டம், ஊர் ஞாபகம் எல்லாம் அந்தக் கடிதங்களில் உண்டு. அழகிரிசாமி 1970இல் மறைந்த பிறகும் கி.ரா. அவற்றைப் பாதுகாத்து, அவை புத்தகமாக வந்தன. இரண்டு பேர் தங்களுக்குள் எழுதிக்கொண்டது பிற்பாடு ஒரு மொழிக்கே சொத்தாயிற்று. புதுமைப்பித்தன் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்களும் அப்படித்தான். 1948இல் அவர் கடைசிக் காலத்தில் பட்ட துன்பத்தைக் கட்டுரைகளைவிட அந்தக் கடிதங்களில்தான் நெருக்கமாகப் பார்க்க முடிகிறது. வல்லிக்கண்ணன் முகம் தெரியாத இளம் எழுத்தாளர்களுக்கெல்லாம் கார்டு போட்டவர். தன் முதல் கதை வந்த மாதத்தில் அவர் கையெழுத்தில் ஒரு கார்டு வந்ததைச் சொல்லாத மூத்த எழுத்தாளர்கள் குறைவு. வண்ணதாசனின் கடிதங்களைக் கதைகளுக்கு இணையாகப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒருவன். பாரதி புதுச்சேரியில் இருந்து பரலி சு. நெல்லையப்பருக்கு ‘தம்பி’ என்று அழைத்து எழுதியதைப் பள்ளிப் பிள்ளைகள்கூட அறிவார்கள்.

பத்திரிகைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ தொடங்கியபோது இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று தீர்மானித்தார். கடையில் தொங்கவிட்டு விற்கிற பத்திரிகை அல்ல அது. சந்தா கட்டியவருக்குத் தபாலில் போவது. அதற்குப் பின் வந்த சிறுபத்திரிகைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வாழ்ந்தன. ஒரு கிராமத்துப் பையன் கையில் புதுக்கவிதை வந்து சேர்ந்தது என்றால் அதில் செல்லப்பாவுக்கு ஒரு பங்கு, தபால்காரருக்கு ஒரு பங்கு. தமிழ் நவீன இலக்கியத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது பங்கை எழுதுவதில்லை. எழுத வேண்டும்.

புறநானூற்றில் 67ஆம் பாட்டு ஒன்று இருக்கிறது. பிசிராந்தையார் ஓர் அன்னச் சேவலிடம் சொல்லி அனுப்புகிறார்: வடக்கே போகிற வழியில் சோழநாட்டைக் கடந்தால் உறையூரில் உயர்ந்த மாடத்தில் உன் பேடையோடு தங்கு, வாயில் காவலரிடம் நிற்காமல் நேரே உள்ளே போய்க் கோப்பெருஞ்சோழன் காதுபட ‘பிசிர் ஊர் ஆந்தையின் அடியவன்’ என்று சொல். ஊர், பேர், போக வேண்டிய இடம் எல்லாம் சரியாக இருக்கிற முகவரி இது. எனக்கு அதைவிடப் பிடித்தது பாட்டின் முடிவு. அப்படிச் சொன்னால் உன் பேடை அணிந்துகொள்ளத் தன் அன்பான அணிகலனைச் சோழன் உனக்குத் தருவான் என்கிறார். சேதி கொண்டுபோகிறவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் என்ன கிடைக்கும் என்று புலவர் நினைத்துப் பார்த்திருக்கிறார்.

ஆகவே கட்டணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் ஊழியர்களைப் பற்றிப் பேசுகிறேன். நாட்டில் 1 லட்சத்து 64 ஆயிரத்துக்கும் மேல் அஞ்சலகங்கள் இருக்கின்றன. பத்தில் ஒன்பது கிராமங்களில். அவற்றில் பெரும்பாலானவற்றை நடத்துகிறவர்கள் கிராமிய அஞ்சல் ஊழியர்கள். நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் என்று கணக்கிட்டு அவர்களுக்குப் படி கொடுக்கிறீர்கள். அவர்கள் ஊதியத்தை ஆராய்ந்த கமலேஷ் சந்திரா குழுவின் பரிந்துரைகளை ஒட்டி 2018இல் அது உயர்ந்தது. ஆனாலும் மற்ற அஞ்சல் ஊழியர்களுக்கு நிகரான நிலை அவர்களுக்கு இன்னும் இல்லை. முதியோர் உதவித்தொகையை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக் கொடுத்தது இவர்கள். எழுத்துத் தெரியாத தாய்க்கு மகன் எழுதியதை வாசித்துச் சொல்லி, அவள் சொல்லச் சொல்லப் பதில் எழுதியதும் இவர்கள். 2020 ஊரடங்கில் பஸ் ஓடாத நாட்களில் மருந்தும் பணமும் கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் அஞ்சல் ஊழியர்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தால்தான் நான் கேட்கிற மற்றதெல்லாம் நடக்கும்.

கியான் போஸ்ட் பற்றி. இதைத் தொடங்கியதற்கு மனதார நன்றி சொல்கிறேன். 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை அதிகபட்சம் 100 ரூபாய், வரி தனி. பொட்டலம் எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறீர்கள். பதிப்பாளர்களும் வாசகர்களும் குரல் கொடுத்தார்கள், நீங்கள் கேட்டீர்கள். அது நல்ல விஷயம். ஆனால் இதை அறிவித்தபோது ‘துறை அஞ்சலகங்களில்’, அதாவது துறையின் நிரந்தர ஊழியர்கள் நடத்துகிற அஞ்சலகங்களில், கிடைக்கும் என்றுதான் சொன்னீர்கள். கிராமத்துக் கிளை அஞ்சலகங்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. புத்தகக் கடை இல்லாத ஊரில்தான் புத்தகத் தபால் அதிகம் தேவை. ஒரு கிலோ புத்தகத்தை அனுப்ப ஒருவர் பஸ் ஏறித் துணை அஞ்சலகத்துக்குப் போக வேண்டும் என்றால் பஸ் கட்டணமும் தபால் செலவாகிவிடுகிறது. கிளை அஞ்சலகத்திலும் இதை ஏற்றுக்கொள்ள உத்தரவு போடுங்கள்.

விளம்பரம் உள்ள அச்சுப் பிரதிகளை இதில் எடுப்பதில்லை என்பது இன்னொரு விதி. தற்செயலான அறிவிப்புகளுக்கும் புத்தகப் பட்டியலுக்கும் விலக்கு உண்டு. வணிகக் கையேடுகள் சலுகைக் கட்டணத்தில் புகுந்துவிடக் கூடாது என்ற எண்ணம் நியாயமானது. ஆனால் சிறுபத்திரிகையின் நிலை என்ன? மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும், அல்லது ஆசிரியர் கையில் காசு சேர்ந்தபோது வரும். பின்னட்டையில் நண்பர் ஒருவரின் அச்சகமோ துணிக்கடையோ ஒரு விளம்பரம் கொடுத்திருக்கும். அந்தத் தொகைதான் காகிதச் செலவு. அந்த ஒரு பக்கத்துக்காக அதை வணிகப் பொருளாகக் கருதினால் சந்தாதாரருக்கு இதழ் அனுப்புகிற செலவு இதழின் விலையை எட்டிவிடும். இலக்கியம், அறிவியல், நாட்டார் வழக்காறு, உள்ளூர் வரலாறு போன்றவற்றுக்காக நடக்கும் சிற்றிதழ்களுக்கு என்று இந்த விதியில் ஒரு வரி சேருங்கள்.

பழைய புத்தகத்தைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். கோடு போட்ட, அட்டை கிழிந்த, யாரோ பேர் எழுதிய புத்தகமும் புத்தகம்தான். அதைச் சந்தேகமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று ஊழியருக்குத் தெரியும்படி எழுதி வையுங்கள். புதுப் புத்தகத்தைக் கடைக்காரர் எப்படியும் அனுப்பிவிடுவார். நண்பனுக்கு நண்பன் அனுப்புவது பழைய புத்தகம்.

ரிஜிஸ்தர் தபாலுக்கு வருகிறேன். இரண்டு சேவைகளும் ஒரே மாதிரி ஆகிவிட்டன, ஒன்றாகச் சேர்த்தால் வேகமும் கண்காணிப்பும் கூடும் என்பது உங்கள் வாதம். ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ரிஜிஸ்தர் செய்கிறவர் எல்லாரும் வேகம் கேட்டுச் செய்தவர்கள் அல்லர். உரியவர் கையில் சேர வேண்டும், சேர்ந்ததற்கு அத்தாட்சி வேண்டும், அவ்வளவுதான். நாவலின் கையெழுத்துப் பிரதியைப் பதிப்பகத்துக்கு அனுப்புகிற இளைஞருக்கு அது நாளைக்கே சேர வேண்டும் என்ற அவசரம் இல்லை. தொலையக் கூடாது என்ற பயம்தான் உண்டு. ரிஜிஸ்தர் தபாலுக்கு முன்பு கட்டணம் 26 ரூபாய்க்குள் தொடங்கியது. இப்போது 50 கிராம் வரையான உறைக்கு ஸ்பீட் போஸ்டில் வெளியூருக்கு 47 ரூபாய், பதிவு வேண்டுமென்றால் மேலும் 5 ரூபாய், இதற்குமேல் வரி. மாணவர்களுக்கு 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்திருப்பது சரியான காரியம். அதே மனதோடு, மெதுவாகப் போனாலும் பத்திரமாகப் போகிற ஒரு மலிவான பதிவுச் சேவையை மீண்டும் யோசியுங்கள். வாடகைத் தகராறில் நோட்டீஸ் அனுப்புகிற கூலித் தொழிலாளிக்கும், தகவல் கேட்டு மனு அனுப்புகிற விவசாயிக்கும் அது வேண்டும்.

50 காசு கார்டு. ஒரு கார்டை நாட்டின் ஒரு கோடியில் இருந்து மறுகோடிக்குக் கொண்டுபோக 50 காசு காணாது என்பது எனக்குத் தெரியும். இரண்டு ரூபாய் ஆக்கினாலும் எதிர்த்து எழுதமாட்டேன். விலை ஏறட்டும், கார்டு எல்லா அஞ்சலகத்திலும் எப்போதும் இருக்கட்டும். இன்லண்டும் அப்படியே.

உலகத்தில் நடப்பதைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. டென்மார்க்கில் போஸ்ட்நோர்ட் நிறுவனம் 2025 முடிவோடு கடிதம் கொண்டுபோவதையே நிறுத்தியது. 1624இல் தொடங்கிய அரசு அஞ்சலின் நானூறு வருஷப் பாரம்பரியம் அது. கடிதம் குறைந்துவிட்டது, நஷ்டம் என்றார்கள். அதே 2025 ஆகஸ்டில் அமெரிக்கா சின்னப் பொட்டலங்களுக்கு இருந்த சுங்க விலக்கை எடுத்தபோது, இங்கிருந்து அந்த நாட்டுக்கு அஞ்சல் ஏற்பதையே நீங்கள் நிறுத்த வேண்டி வந்தது. அக்டோபர் நடுவில்தான் மீண்டும் தொடங்கியது. அது உங்கள் கையில் இல்லாத விஷயம். ஆனால் எங்கோ போட்ட ஒரு சுங்க உத்தரவால், பேரனுக்குத் தமிழ் அரிச்சுவடி அனுப்ப நினைத்த தாத்தா வாரக்கணக்கில் காத்திருந்தார் என்பதும் நடந்த விஷயம். தபால் என்பது அரசியலுக்கும் வீட்டுக்கும் நடுவில் இவ்வளவு மெல்லிய இடத்தில் இருக்கிறது.

லாபக் கணக்கு பார்த்தால் துறையூரில் இருந்து கோவில்பட்டிக்கு வருகிற பென்சில் கோடு போட்ட ஒரு நாவல் உங்களுக்கு நஷ்டம்தான். பள்ளிக்கூடமும் நூலகமும் அந்தக் கணக்கில் நஷ்டம்தான். அதற்காக அவற்றை மூடிவிடக் கூடாது. புத்தகத்தையும் கடிதத்தையும் கொண்டுபோகிற வேலையை அந்த வரிசையில் வையுங்கள். நிதி வேண்டுமென்றால் நிதி அமைச்சகத்திடம் கேளுங்கள், நாங்களும் சேர்ந்து கேட்கிறோம்.

கடைசியாக, உடனே செய்யக்கூடியது ஒன்று. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2023இல் நிறைவேறிய அஞ்சலகச் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டணங்களும் சேவைகளும் இனி அடிக்கடி மாறலாம். மாறட்டும். ஆனால் ஒரு சேவையை நிறுத்துவதற்கும் கட்டணத்தை ஏற்றுவதற்கும் முன்னால் அதை வரைவாக, அந்தந்த மாநில மொழியில், ஒவ்வொரு அஞ்சலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். கிளை அஞ்சலகத்திலும் ஒட்டுங்கள். ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். கருத்துச் சொல்ல இணையப் படிவம் மட்டும் வைக்காமல், முகவரியும் பின்கோடும் போட்டு, தபால் கார்டில் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளப்படும் என்று சேருங்கள். என் கார்டு முதல் நாளே வரும். துறையூரில் இருந்து வருகிற கார்டு அனேகமாக என் கருத்தை மறுத்துத்தான் இருக்கும், அதையும் படியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சேவையால் நண்பனைப் பெற்ற ஒரு வாசகன்,
கோவில்பட்டி.